அந்தச் சொல்லுக்கு முடிவுகள் இல்லை

உங்கள் மேசைக் கணினியின் தேதி நான்கு நாள் பின்தங்கி இருக்கிறது. உள்ளே பித்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அதன் உயிர் போயிருக்கும். மாற்றச் சொல்லுங்கள். நாளைக்கு என்னுடைய வாக்குமூலத்தை அதில் ஏற்றும்போது தேதி தப்பாக விழுந்தால் வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

"நீங்களே உக்காந்து எழுதுங்க வாத்தியாரே. நாங்க எழுதினா தப்பும் தவறுமா வரும், அப்புறம் நீங்க சிவப்பு மையால திருத்துவீங்க" என்று சொல்லி கோடு போட்ட தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நன்றி. இருபத்தாறு வருடம் பாடக்குறிப்பு எழுதிய கை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதித் தருகிறேன்.

உங்களுடைய கேள்விகள் இரண்டு. என் மனைவியின் லேப்டாப்பில் டிஃபால்ட் தேடுபொறியை ஏன் மாற்றினேன் என்பது முதலாவது. அவளுக்கு வந்த நோய் இன்னதென்று அப்போதே எனக்குத் தெரியுமா, தெரியாதா என்பது இரண்டாவது. "தெரியாம பண்ணினது வேற, தெரிஞ்சு பண்ணினது வேற. அதைப் பார்த்து எழுதுங்க" என்று எனக்கு நல்லது நினைத்துச் சொன்னீர்கள். பார்த்தே எழுதுகிறேன்.

முதலில் தேடுபொறி. உங்கள் ஏட்டு, "அப்படின்னா என்ன சார், வைரஸா?" என்று கேட்டார். வைரஸ் இல்லை. பிரவுசரைத் திறந்தால் மேலே நீளமாக ஒரு கட்டம் இருக்கும். அதில் நாம் எதை அடித்தாலும் அது ஒரு தேடுபொறிக்குப் போகிறது. எதற்குப் போக வேண்டும் என்று நம்மை யாரும் கேட்டதில்லை. வாங்கும்போதே யாரோ முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் மூன்று புள்ளி, அதற்குள் அமைப்புகள், அதற்குள் தேடுபொறி, அதற்குள் ஒரு பட்டியல். வேண்டியதைத் தொட்டுவிட்டு மூடிவிடலாம். பட்டியலில் இல்லாத ஒன்றை நாமே சேர்க்கவும் முடியும். இருபது விநாடி வேலை. செருப்பு மாட்டுவதற்கு அதைவிட நேரம் ஆகும்.

மாற்றிய பிறகு எதுவும் மாறியதாகத் தெரியாது. அதே கட்டம், அதே வெள்ளைப் பக்கம். கேள்வி மட்டும் வேறு வீட்டுக் கதவைத் தட்டும்.

இதைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றுக்கொண்டேன். நாற்பது கணினி உள்ள ஆய்வகம் என் பொறுப்பு. பிள்ளைகள் கண்டதையும் பார்க்கிறார்கள் என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் கூச்சல் கிளம்பியபோது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "சார், என்னவோ பண்ணுங்க. ஆனா என்ன பண்ணீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லாதீங்க" என்றார்.

ஓரங்கட்டிய ஒரு பழைய கணினியை எடுத்து அதில் ஒரு தேடல் பக்கம் எழுதினேன். பிள்ளைகள் கேட்பது முதலில் அந்தப் பெட்டிக்கு வரும். அது வெளியே போய், ஊர் உலகம் பயன்படுத்துகிற தேடுபொறியிடம் பதில்களை வாங்கி வரும். என்னிடம் ஒரு சொற்பட்டியல் இருந்தது. அதிலுள்ள ஒரு சொல் எந்தப் பதிலில் இருந்தாலும், அந்தப் பதிலைக் கழித்துக்கட்டிவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும். பார்க்க அச்சு அசலாக வழக்கமான பக்கம் மாதிரியே இருக்கும். முதல் வாரமே உயிரியல் ஆசிரியை சண்டைக்கு வந்துவிட்டார். பாலூட்டிகள் பாடத்தில் பாதிப் பாலூட்டிகளைக் காணோமாம்.

பிள்ளைகள் எனக்கு 'வடிகட்டி' என்று பெயர் வைத்தார்கள். "டேய், வடிகட்டி வருது" என்று நடைபாதையில் சத்தம் கேட்கும். காதில் விழாதது போல நடப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். யாருக்கும் தெரியாமல், யாரையும் திட்டாமல், கெட்டது வந்து சேராமல் பார்த்துக்கொள்வது ஒரு நல்ல வேலை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இனி அவளைப் பற்றி.

என் மனைவி பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்த்தாள். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பத்து மூன்று வருடம் பதில் சொன்னவள். எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை, டிரைவர் வந்துவிட்டாரா, குழந்தைக்கு அரை டிக்கெட்டா. ஒரே ஆள் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாலும் மூன்று தடவையும் புதிதாகக் கேட்ட மாதிரி பதில் சொல்வாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. கவுண்டரில் கூட இருந்த ஊழியர், ரத்தாகிவிட்ட ஒரு வண்டியை 'இதோ வந்துடும்' என்று ஒரு பயணியிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவளைக் கூட்டிப்போக வந்த நான் வலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

"வராத வண்டியை வரும்னு சொன்னா அந்த மனுஷன் அடுத்த வண்டியையும் விட்டுட்டு நிப்பாருய்யா" என்று அவரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். "வராதுன்னா வராதுன்னு சொல்லு. அவரு வேற வழியைப் பார்த்துப்பாரு."

வீட்டில் அவள் வேறு ஆள். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. நாள் முழுக்கப் பதில் சொல்லிவிட்டு வந்து, லேப்டாப்பைத் திறந்து தன் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பிப்பாள்.

"என்னங்க, கண்ணு துடிக்குது."

"தூக்கம் பத்தலை, வேற ஒண்ணுமில்லை."

"இல்லைங்க, பார்த்துட்டேன். நரம்புல வர்ற வியாதியாம். முதல்ல கண்ணு, அப்புறம் கை, அப்புறம் மூச்சு."

"எவ்வளவு நாள்ல?"

"மூணு வருஷம்னு போட்டிருக்கு."

"அப்ப சோபாவுக்குத் துணி மாத்திடலாம். மூணு வருஷம் தாங்கும்."

முறைப்பாள். முறைப்பு முடிந்ததும் அழுவாள். அழுதால் லேசில் ஓயாது. நான் கேலி செய்தது எனக்கே நாலு நாள் உறுத்தும்.

பன்னிரண்டு வருடம் இப்படி ஓடியது. தலைவலி வந்தால் மூளையில் கட்டி. ஏப்பம் வந்தால் இதயம். ரத்தம் எடுத்து, படம் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால், சொன்ன மருத்துவரின் மேல் சந்தேகம். ஒரு வருடம் பயத்திலேயே ஆறு கிலோ இளைத்தாள். இளைத்ததைப் பற்றித் தேடி இன்னும் பயந்தாள். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'எனக்குப் பிறகு' என்று தலைப்பு. அதன் கீழே, பால்கனியில் இருக்கிற ஏழு பூந்தொட்டிகளில் எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று வரிசையாக எழுதியிருந்தாள். மூன்றாவது தொட்டிக்குக் கொஞ்சமாக ஊற்றுங்கள், அழுகிவிடும் என்று அடிக்கோடு வேறு. அந்தத் தடவை அவளுக்கு இருந்தது வாயுத் தொல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கொருவர்தான் எல்லாம். அவள் பயந்தால் வீடு முழுக்கப் பயம்தான்.

எங்கள் குடும்ப டாக்டர் நல்ல மனிதர், கொஞ்சம் கேலிக்காரர். "அம்மா, ஒண்ணு நெட்டைப் பாருங்க, இல்லை என்னைப் பாருங்க. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல பார்த்தா எனக்குத்தான் வியாதி வரும்" என்பார். ஒருநாள் அவள் ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், உங்க வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு வியாதிதான். அந்த நெட்டை மூடுங்க, எல்லாம் சரியாயிடும்."

அதை நான் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டேன். வாக்குமூலத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மருத்துவர் சொன்னதைத்தான் செய்தேன்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் தன் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தாள். பள்ளியில் கழித்துக்கட்டிய இன்னொரு பெட்டியை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். அதைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்து, பள்ளியில் எழுதிய அதே பக்கத்தை அதில் ஏற்றினேன். சொற்பட்டியல்தான் வேறு. புற்றுநோய், கட்டி, மாரடைப்பு, பக்கவாதம், மரணம், அபாயம், உடனே, அவசரம். ஒரு மருத்துவ அகராதியை வைத்துக்கொண்டு மொத்தம் நானூற்றுப் பதினொரு சொற்கள் சேர்த்தேன். பிறகு அவளுடைய லேப்டாப்பைத் திறந்தேன். மூன்று புள்ளி, அமைப்புகள், தேடுபொறி. இருபது விநாடி. கவுண்டரில் கைப்பேசி பார்க்கக்கூடாது என்று விதி. அதனால் அவளிடம் இருந்தது பட்டன் போன்தான். வேறு எங்கும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள்: இடது கை மரத்துப் போகுது ஏன்.

நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். விசைகளின் சத்தம் நின்றது. அவள் படிக்கிறாள்.

"என்னங்க, கையை மடக்கி வெச்சுத் தூங்கினா இப்படி ஆகுமாமே."

"அப்படியா?"

"அப்படித்தான் எல்லாத்துலயும் போட்டிருக்கு." லேப்டாப்பை மூடிவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளே மூடினாள்.

அதன் பிறகு பதினோரு மாதம்.

அந்தப் பதினோரு மாதத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. பயம் போன இடத்தில் அவளுக்குள்ளிருந்து ஒருத்தி வெளியே வந்தாள். அவளை நான் கல்யாணமான புதிதில் பார்த்ததோடு சரி. காய் நறுக்கும்போது சீட்டியடித்தாள். நன்றாகவே அடித்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு குடை வாங்கினாள். "இந்த வயசுல மஞ்சக் குடையா?" என்று கேட்டால், "வயசு குடைக்கா எனக்கா?" என்றாள். விடுமுறை நாட்களில் அவளுடைய இலவசப் பாஸை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஊர்களுக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். ஏழு தொட்டிகள் பதினாறு ஆயின. பதினேழாவதை நான் வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டி எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கும். பள்ளிக்கூடப் பழக்கம். தினமும் மாலையில் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு அவள் என்ன கேட்டாள் என்று என் அறையில் உட்கார்ந்து பார்ப்பேன். முட்டைக் கறை போக என்ன செய்யலாம். பூனை ஏன் நம்மையே உத்துப் பார்க்குது. அம்பத்தெட்டு வயசுல நீச்சல் கத்துக்கலாமா. இன்னொரு மனிதரின் மனதை இவ்வளவு பக்கத்திலிருந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவளை அந்த நாட்களில் காதலித்ததைப் போல முன்பு காதலித்ததில்லை.

ஒருநாள் அவள் கேட்டிருந்தாள்: புருஷன் குறட்டைக்கு என்ன பண்றது. வந்திருந்த பதில்கள் சுமார் ரகம். பக்கத்தின் உச்சியில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, அதில் நானே எழுதிவிட்டேன்: 'தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கவும். ஆளை உலுக்க வேண்டாம்.' மறுமுறை அவள் அதே கேள்வியைக் கேட்டபோது அது முதலில் வந்தது. அன்றைக்கு என் பக்கத்தில் இரண்டு தலையணை.

பிறகு ஒரு தடவை: வெள்ளை முடிக்குச் சாயம் அடிக்கச் சொன்னா புருஷனுக்குக் கோபம் வருமா. நான் எழுதினேன்: 'வராது. கேட்டுப் பாருங்கள்.' இரண்டு நாள் பொறுத்து, கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டாள். சரி என்றேன். சிரித்தாள். நான்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி காலை ஆறு பதினேழுக்கு அவள் அடித்த கேள்வி இது. பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

ஆறு வருஷம் முன்னாடியே நின்னு போச்சு இப்ப மறுபடி ரத்தம் படுது ஏன்.

இந்தக் கேள்விக்கு வெளியிலிருந்து வந்த பதில்கள் ஐம்பதுக்கு மேல். பட்டியல் கழித்தது போக அவளுக்குப் போனவை நான்கு. உடல்சூடு. வேலை அலுப்பு. ஒரு கஷாய விளம்பரம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

நான் மருத்துவன் இல்லை. கணினி வாத்தியார். பெண்களின் உடம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும். இதை உங்களிடம் வாயாலும் சொன்னேன்.

அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த மாதிரி விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல முப்பது வருடம் கழித்தும் அவளுக்குக் கூச்சம்தான். அந்த மாதக் கடைசியில் அவளுக்குப் பணி ஓய்வு. அது முடிந்ததும் பன்னிரண்டு நாள் பயணம் போகத் திட்டம். எந்த ஊரில் எந்தப் பஸ்ஸைப் பிடிப்பது என்று கால அட்டவணையை அவளே தயாரித்திருந்தாள். ஓய்வு முடியட்டும் என்று நினைத்தேன். பயணம் முடியட்டும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பெட்டியையும் சொல்ல வேண்டும். சொன்னால் மஞ்சள் குடை மூடிக்கொள்ளும். மறுபடி ரத்தம், படம், அழுகை, கதவில் ஒட்டிய தாள். எனக்கு இன்னும் ஒரு வாரம் இந்தப் பெண்ணோடு இருக்க வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அவள் விடாமல் கேட்டாள். ஜூனில் இரண்டு தடவை. ஜூலையில் பயணத்துக்கு முந்தின நாள் ஒரு தடவை. வார்த்தைகளை மாற்றி மாற்றிக் கேட்டாள். கவுண்டரில் தன்னிடம் கேட்பவர்களைப் போலவே. மொத்தம் ஒன்பது தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு உச்சிப் பெட்டியில் நான் எழுதினேன்: 'இந்த வயதில் இது சகஜம். ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும். கவலைப்பட ஒன்றுமில்லை.'

ஒன்பதாவது கேள்வி அக்டோபரில் வந்தது. அதில் ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. நான் பயப்படட்டுமா வேண்டாமா என்று மட்டும் அடித்திருந்தாள். ஒரு தேடுபொறியிடம் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். எனக்கு அது வினோதமாகப் பட்டது. ஆனாலும் நான் எழுதினேன்.

'வேண்டாம்.'

மறுநாள் காலையில் அவள் சீட்டியடித்தாள்.

டிசம்பரில், ஓய்வூதியத் தாள்கள் சம்பந்தமாகப் பேருந்து நிலையத்துக்குப் போனவள், தன்னுடைய பழைய கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது விழுந்துவிட்டாள். கம்பி வலைக்கு உள்ளேயிருந்து அந்தப் பழைய சக ஊழியர்தான் முதலில் ஓடி வந்து தூக்கினாராம்.

மருத்துவமனையில் வயதில் சின்ன ஒரு பெண் டாக்டர் கேட்டார். "எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசமா? ஏம்மா வரலை?"

"ஒண்ணுமில்லைன்னு போட்டிருந்துது டாக்டர்."

"எதுல போட்டிருந்துது?"

"நெட்ல."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "நெட்ல முதல் வரியே டாக்டரைப் பாருங்கன்னுதானேம்மா இருக்கும். அதுகூடவா படிக்கலை?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "அவருக்கு ஒரு நாற்காலி கொடுங்க டாக்டர், ரொம்ப நேரமா நிக்கிறாரு" என்றாள்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி போய்ச் சேர்ந்தாள். கடைசி மூன்று வாரம் அவளுடைய தங்கைதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். நான் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் அலைந்தேன். பதினேழு தொட்டிகள். இதில் எதற்கு எவ்வளவு என்று அவள் எழுதி வைக்கவில்லை. பயம் இல்லாததால் எழுதத் தோன்றவில்லை போலிருக்கிறது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். சட்டம் போட்டு மாட்ட அவளுடைய நல்ல படம் ஒன்று எடுக்கலாம் என்று தங்கை அந்த லேப்டாப்பைத் திறந்தாள். படத்தைத் தேடிவிட்டு, மேலே இருந்த கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை அடித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு கூடத்துக்கு வந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, புற்றுநோய்னு அடிச்சேன். ஒண்ணுமே வரலை."

நான் சோபாத் துணியின் மடிப்பை நீவிவிட்டேன்.

"அந்தச் சொல்லுக்கு முடிவுகள் இல்லைன்னு வருது. உலகத்துல அந்த வியாதியே இல்லைங்குது மாமா."

"இணைப்பு சரியில்லையோ என்னவோ" என்றேன்.

"சளின்னு அடிச்சா வருது."

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நான் இங்கே இவ்வளவு எழுத வேண்டி வந்திருக்காது என்று தோன்றுகிறது.

"அக்காவுக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில சொன்னா. மருந்து மயக்கத்துல உளர்றான்னு நினைச்சேன். 'உங்க மாமா அதுல என்னவோ பண்ணி வெச்சிருக்காருடீ. நான் கேட்கிறதுக்கெல்லாம் அவருதான் பதில் எழுதறாரு'ன்னா. 'உனக்கெப்படித் தெரியும்'னு கேட்டேன். 'என் புருஷனுக்குக் கோபம் வராதுன்னு நெட்டுக்கு எப்படிடீ தெரியும்'னு சிரிச்சா."

குழாயில் எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் மூட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"'அப்ப ஏன் கேட்கலை'ன்னேன். 'ஆசையா பண்றாரு, கெடுப்பானேன். வாயால சொல்ல எனக்கும் கூச்சமா இருந்துது, அதுல அடிச்சா அவரு பார்த்துப்பாருன்னு அடிச்சேன்'னா. 'நிஜமாவே ஏதாச்சும்னா அவரு விட்டுடுவாரா? பயப்பட வேண்டாம்னு அவரே எழுதிட்டாரு'ன்னா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினா மாமா. நீங்க நொந்து போயிடுவீங்களாம்."

அன்றைக்கே அவள் உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல பெண். வழக்கு முடிந்ததும் தொட்டிகளை அவளே எடுத்துக்கொள்ளட்டும். மூன்றாவதற்கு மட்டும் தண்ணீர் கொஞ்சமாக.

தங்கை கிளம்பிப் போன பிறகு பதிவேட்டை முதலிலிருந்து ஒரு தடவை படித்தேன். ஒன்பது கேள்விகள். அவை ஒரு இயந்திரத்திடம் கேட்டவை என்று நினைத்துப் படித்தது வேறு. என்னிடம் கேட்டவை என்று தெரிந்து படித்தது வேறு. பக்கத்து அறையில், பத்தடி தூரத்தில், அவள் என்னிடம் ஒன்பது தடவை கேட்டிருக்கிறாள்.

உங்களுடைய முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று மாற்றினேன். அவள் பயப்படவில்லை. கடைசி நாள்வரை பயப்படவில்லை. செய்ய நினைத்த காரியம் நடந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி பாக்கி. நீங்கள் தேநீர் அனுப்பி வைத்து, "தெரியாதுன்னு ஒரு வரி எழுதினாப் போதும் வாத்தியாரே. நீங்க என்ன டாக்டருக்கா படிச்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன்; நாலு பக்கத்துக்கு முன்னால் இருக்கிறது, பாருங்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் தருகிறேன் என்று சொன்னதால் அதை அடிக்கவில்லை. வராத வண்டியை வரும் என்று எழுதிக்கொடுத்தால் அவளுக்குக் கோபம் வரும்.

ஜூன் ஒன்பதாம் தேதி மாலை, பள்ளியிலிருந்து வந்ததும், பதிவேட்டில் அந்தக் கேள்வியைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டி காட்டிய நான்கு பதில்களில் எனக்கே நம்பிக்கை இல்லை. கழித்தது யார் என்று எனக்குத் தெரியும் அல்லவா. அதனால் சட்டைப்பையிலிருந்து என் போனை எடுத்து, அவள் அடித்த வாக்கியத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அடித்தேன். முதல் பதிலின் முதல் வரி, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள் என்றது. அடுத்த வரி, இது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்றது. அதற்கடுத்த வரி, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம் என்றது. இரண்டு தடவை படித்தேன். சமையலறையில் அவள் காய் நறுக்கிக்கொண்டே சீட்டியடித்துக்கொண்டிருந்தாள். போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சீட்டி முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் போனில் தேடுபொறியை நான் மாற்றவே இல்லை.